மருந்துக்கு அடங்காத களை

சேலம், நாமக்கல் சமவெளியில் பயிர்த்தொழில் செய்யும் நமக்குக் களையைப் பற்றி எவரும் புதிதாகச் சொல்லித்தர வேண்டியதில்லை. திருமணிமுத்தாற்றுக் கரையிலும், சரபங்கா நதிப் பக்கத்திலும், பரமத்தி வேலூர், மோகனூர் வாய்க்கால் பாசனத்திலும், மழையை நம்பிய மேட்டுக்காடுகளிலும் அருகு, கோரை, சாரணை, குப்பைக்கீரை, தொய்யக்கீரை, பண்ணைக்கீரை ஆகியவை நம் பாட்டன் காலந்தொட்டு இருந்து வருகின்றன. விதைத்தால் பயிர் வரும். விதைக்காமலே களை வரும். இதை அறியாத குடியானவர் இல்லை.

ஆயினும் களையை எதிர்க்கும் முறை நம் கண்முன்னே மாறிவிட்டது. முன்னாளில் களைக்கொத்து செய்த வேலையை இன்று தெளிப்பான் செய்கிறது. இதற்காக எவரையும் குறை கூறுவதற்கில்லை. ஊரிலிருந்த ஆட்கள் ஆலைகளுக்கும், கோழிப்பண்ணைகளுக்கும், லாரித் தொழிலுக்கும், ஆழ்துளைக் கிணற்று வண்டிகளுக்கும் சென்றுவிட்டார்கள். களை எடுக்க வேண்டிய வாரத்தில் எல்லோருக்கும் ஒரே சமயத்தில் ஆள் தேவைப்படுகிறது. ஆள் கிடைப்பதோ அரிது. எனவே களைக்கொல்லி நமக்கு ஒரு துணையாக வந்து சேர்ந்தது.

அந்தத் துணை என்றும் நம்முடன் நிற்குமா? ஆண்டு தோறும் அதே நிலத்தில் அதே மருந்தைத் தெளித்து வந்தால், ஒரு நாள் அம்மருந்து பயனற்றுப் போகும் என்பதே உலக அனுபவம். அது ஏன், எவ்வாறு, அதைத் தடுக்க ஒரு குடும்பமும் ஒரு பஞ்சாயத்தும் செய்யக்கூடியது யாது என்பதை இங்கே ஆராய்வோம்.

ஒரே பெயர், பல இயல்பு

நாம் விதைக்கும் மக்காச்சோளம் ஒரே வீரிய விதைப் பையிலிருந்து வருகிறது. ஒரே நாளில் முளைக்கிறது. ஒரே உயரம் வளர்கிறது. களை அப்படிப்பட்டதன்று. ஒரு பாத்தியில் உள்ள குப்பைக்கீரையை உற்றுப் பாருங்கள். ஒன்றின் தண்டு பச்சை, மற்றொன்றின் தண்டு சிவப்பு. ஒன்று முதல் மழையிலேயே முளைக்கும். மற்றொன்றின் விதை மண்ணுக்குள் உறங்கி, அடுத்த பட்டத்தில் எழும். ஒன்று தரையோடு படரும். மற்றொன்று நிமிர்ந்து நிற்கும். பெயர் ஒன்றே, இயல்பு பல.

ஒரு தாய் வயிற்றுப் பிள்ளைகள் ஒரே சாயலில் இருப்பதில்லை அல்லவா? அதுபோலவே விதையால் பெருகும் களைகளும் பரம்பரை இயல்பில் ஒன்றுக்கொன்று வேறுபடுகின்றன. இதனை மரபுப் பன்மை என்பர். வறட்சி வந்தாலும், வெள்ளம் வந்தாலும், கொத்து வந்தாலும் களை அடியோடு அழியாமல் இருப்பதற்குக் காரணம் இப்பன்மையே. எந்த இடையூறு வந்தாலும் அதைத் தாங்கும் சில செடிகள் அக்கூட்டத்தில் ஏற்கெனவே இருக்கின்றன.

கைக்களையிலும் இதே கதை

இது மருந்து வந்தபின் தோன்றிய விஷயம் என்று எண்ண வேண்டா. நெல்வயலில் குதிரைவாலி இனத்துப் புல்லை எடுத்துக்கொள்வோம். கதிர் வரும் வரையில் அது நெற்பயிர் போலவே நிற்கும். களை எடுக்கும் பெண்கள் எவ்வளவு கூர்மையாகப் பார்த்தாலும் சில தப்பிவிடும். இந்த வேஷம் அதற்கு எப்படி வந்தது?

மனிதரின் கண்ணும் கையுமே அந்த வேஷத்தைக் கொடுத்தன. நெல்லுக்குச் சற்றும் ஒவ்வாத தோற்றமுள்ள புல்லைப் பிடுங்கி எறிந்தோம். நெல்லை ஒத்திருந்த புல் தப்பி விதை உதிர்த்தது. அடுத்த ஆண்டு அதன் சந்ததியே மிகுந்தது. சீனாவில் யாங்சி ஆற்றுப் படுகையின் நெல்வயல்களில் உள்ள இவ்வினப் புல்லின் மரபணுக்களை ஆராய்ந்து 2019-ஆம் ஆண்டில் வெளியிட்ட அறிஞர்கள், ஏறக்குறைய ஆயிரம் ஆண்டுகளாக மனிதரின் களையெடுப்பே இந்த நெல் வேஷத்தை உருவாக்கியது என்று காட்டினர்.

கைக்கு ஆயிரம் ஆண்டு பிடித்த வேலையை மருந்து பத்துப் பதினைந்து ஆண்டுகளில் செய்து முடித்துவிடுகிறது. இங்கேதான் அபாயம் இருக்கிறது.

மருந்து களையைப் பொறுக்கி எடுக்கிறது

நாம் தெளிப்பது களையை அழிக்க. ஆனால் தெளிப்பு மற்றொரு வேலையையும் செய்கிறது. விதைக்கென்று நல்ல கதிரைப் பொறுக்கி வைப்பது போல, மருந்தைத் தாங்கும் செடியைப் பொறுக்கி, அதை விதைக்கு விட்டுவைக்கிறது. மருந்து களையின் இயல்பைப் புதிதாக மாற்றுவதில்லை. முன்னரே இருந்த ஓரிரு செடிகளுக்குப் போட்டியில்லாத இடத்தை ஒதுக்கிக் கொடுக்கிறது. அவ்வளவே.

விஷயம் தெளிவாக ஒரு கணக்குப் போட்டுப் பார்ப்போம். இது விளக்கத்திற்காகப் போடும் கணக்கு. ஓர் ஏக்கர் ஏறக்குறைய 4,000 சதுர மீட்டர். ஒரு சதுர மீட்டருக்கு 250 களை முளைத்தால் ஏக்கருக்கு 10 லட்சம் களை. அவற்றில் ஒரே ஒரு செடி மருந்தைத் தாங்கும் இயல்புடையது என்று வைத்துக்கொள்வோம். மற்றவற்றில் நூற்றுக்கு 95 மருந்தால் மடிகின்றன. 5 எப்படியோ தப்புகின்றன. தாங்கும் செடி மடிவதேயில்லை. தப்பியவை யாவும் ஒரே அளவில் விதை உதிர்க்கின்றன. அடுத்த ஆண்டும் அதே மருந்து. அப்போது தாங்கும் செடிகளின் பங்கு வருமாறு உயரும்:

முதல் ஆண்டு தெளிப்புக்குப் பின் – 10 லட்சத்தில் 20
இரண்டாம் ஆண்டு – 10 லட்சத்தில் 400
மூன்றாம் ஆண்டு – ஆயிரத்தில் 8
நான்காம் ஆண்டு – நூற்றில் 14
ஐந்தாம் ஆண்டு – நூற்றில் 76

இக்கணக்கை ஒருமுறை நிதானமாகப் படிக்க வேண்டுகிறோம். முதல் மூன்று ஆண்டுகளும் குடியானவர் கண்ணுக்கு ஒன்றுமே தெரிவதில்லை. மருந்து நன்றாக வேலை செய்கிறது என்றே அவர் நம்புகிறார். நான்காம் ஆண்டில் அங்கொன்றும் இங்கொன்றுமாகப் பச்சை தெரிகிறது. மழை பெய்துவிட்டது, மருந்து சரியில்லை என்று சமாதானம் சொல்லிக்கொள்கிறார். ஐந்தாம் ஆண்டில் வயல் கைவிட்டுப் போகிறது. மண்ணில் உறங்கும் பழைய விதைகளும் ஒவ்வோர் ஆண்டும் சேர்ந்து முளைப்பதால் உண்மையில் இது இன்னும் சில ஆண்டு தாமதமாகலாம். போக்கு மட்டும் மாறாது. நோய் கண்ணுக்குத் தெரியும் நாளில் அது முற்றியிருக்கும்.

ஹரியானா கற்ற பாடம்

இது ஏட்டுக் கணக்கு மட்டுமன்று. நம் தேசத்திலேயே நடந்தது. 1960-களின் பிற்பகுதியில் பசுமைப் புரட்சியோடு ஹரியானா, பஞ்சாப் மாநிலங்களில் குட்டை ரகக் கோதுமை பரவியது. ஆண்டு தோறும் நெல், அதன்பின் கோதுமை என்ற சுழற்சி நிலைபெற்றது. கோதுமைக்குள் ஒரு புல் பெருகியது. ஃபலாரிஸ் மைனர் என்பது அதன் தாவரப் பெயர். ஹரியானாவில் மண்டூசி என்றும், பஞ்சாபில் குல்லி தண்டா என்றும் வழங்குவர். இளமையில் அது கோதுமையைப் போலவே இருப்பதால் கையால் எடுப்பது கடினம்.

இப்புல்லை அடக்க ஐசோபுரோட்டுரான் என்ற களைக்கொல்லி வந்தது. ஹெக்டேருக்கு ஒரு கிலோ மூலமருந்து போதுமானதாக இருந்தது, கோதுமைக்குக் கேடில்லை. வேறு மருந்தைத் தேட வேண்டிய அவசியம் எவருக்கும் தோன்றவில்லை. பத்துப் பதினைந்து ஆண்டுகள் அதே பயிர், அதே மருந்து. 1990-களின் தொடக்கத்தில் அம்மருந்து தோற்றது. அளவை இரு மடங்காக்கியும் புல் சாகவில்லை. பல இடங்களில் குடியானவர்கள் கதிர் முற்றாத கோதுமையை மாட்டுத் தீவனத்துக்கு அறுத்துப் போட நேர்ந்தது. ஹிசாரில் உள்ள ஹரியானா விவசாயப் பல்கலைக்கழகத்தின் அறிஞர்கள் மாலிக், சிங் ஆகியோர் இதை ஆராய்ந்து, களை எதிர்ப்புத்திறன் பெற்றுவிட்டது என்று 1995-இல் விரிவாக வெளியிட்டனர். அப்பத்தாண்டின் நடுவில் வடமேற்கு இந்தியாவில் 8 முதல் 10 லட்சம் ஹெக்டேர் பாதிக்கப்பட்டதாக மதிப்பிடப்பட்டது.

அதன்பின் 1990-களின் இறுதியில் குளோடினாஃபாப், சல்ஃபோசல்ஃப்யூரான் முதலிய புதிய மருந்துகள் சிபாரிசு செய்யப்பட்டன. விளைச்சல் மீண்டது. ஆனால் புதிய மருந்துகளையும் அதே பழக்கத்தில் தெளித்ததால், அடுத்த பத்தாண்டுக்குள் அவற்றையும் தாங்கும் மண்டூசி தோன்றிவிட்டது. மருந்தை மாற்றியவர்கள் பழக்கத்தை மாற்றவில்லை.

இவ்வரலாற்றில் நாம் கவனிக்க வேண்டியது ஒன்று உண்டு. நெல்லும் கோதுமையுமே மாறி மாறி வந்த நிலங்களில் இத்தொல்லை கடுமையாக இருந்தது. இடையே தீவனப் பயிரோ, கரும்போ, சூரியகாந்தியோ வைத்த நிலங்களில் குறைவாக இருந்தது. பயிரை மாற்றியவர் தம்மையறியாமலே தம் மருந்தையும் காப்பாற்றிக்கொண்டார்.

களை தப்பும் வழிகள்

களைக்கொல்லி செடிக்குள் சென்று ஒரு குறிப்பிட்ட இடத்தைத் தாக்குகிறது. பூட்டுக்குள் நுழைந்து சிக்கிக்கொள்ளும் கள்ளச் சாவி போல அவ்விடத்தின் வேலையை நிறுத்திவிடுகிறது. சில களைகளில் பிறவியிலேயே அப்பூட்டின் அமைப்பு சற்று மாறியிருக்கும். மரபணுவில் ஒரே ஓர் இடத்து மாற்றங்கூட இதற்குப் போதும். அப்போது மருந்து உட்சென்றாலும் பற்றாது.

இரண்டாவது வழி இதனினும் தந்திரமானது. செடி, மருந்தைத் தன்னுள்ளேயே விரைவில் சிதைத்துவிடுகிறது. ஐசோபுரோட்டுரானால் கோதுமை சாகாததற்குக் காரணம், அது அம்மருந்தை விரைவாகச் சிதைத்துவிடுவதே. எதிர்ப்புப் பெற்ற மண்டூசியும் அதே வித்தையைப் பெற்றிருந்தது. இவ்வகைக் களை, தான் இதுவரை காணாத வேறு மருந்தையும் சிதைக்கக் கூடும். ஆகவே மருந்தை மட்டும் மாற்றிக்கொண்டு போவதால் முழுத் தீர்வு கிடைக்காது.

கோரையைப் பற்றி இங்கே ஒரு வார்த்தை. மருந்து தெளித்தும் கோரை மீண்டும் வருவது பெரும்பாலும் எதிர்ப்புத்திறனால் அன்று. மண்ணுக்குள் கிழங்குகள் சங்கிலி போல் இருக்கின்றன. மேலே கருகினாலும் கீழேயுள்ள கிழங்கு துளிர்க்கிறது. இரண்டையும் ஒன்றாகக் குழப்பிக்கொள்ளலாகாது.

நம் சமவெளிக்கு இதில் என்ன?

ஹரியானாவில் கோதுமை, நமக்கென்ன என்று கேட்கலாம். இந்த அபாயத்தை 1956-ஆம் ஆண்டிலேயே ஜான் ஹார்ப்பர் என்ற ஆங்கிலத் தாவர அறிஞர் எடுத்துரைத்தார். மறு ஆண்டே, 1957-இல், ஹவாய்த் தீவின் கரும்புத் தோட்டங்களில் கானாவாழை இனக் களை ஒன்று 2,4-டி மருந்துக்கு அடங்காதது கண்டறியப்பட்டது. கரும்பும் நம்மிடம் உண்டு, கானாவாழையும் உண்டு, 2,4-டியும் உண்டு.

1968-இல் அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தில் ஒரு நாற்றுப்பண்ணையில், சிமசின், அட்ரசின் ஆகிய மருந்துகளைப் பல ஆண்டுகள் தெளித்து வந்த நிலத்தில், ஒரு சிறு களை அவற்றைத் தாங்கி நின்றது. அதன்பின் பல நாடுகளில் மக்காச்சோளக் காடுகளில் குப்பைக்கீரை இனத்தைச் சேர்ந்த களைகள் அட்ரசினுக்கு அடங்காமற் போயின. நம் பக்கத்தில் கோழித் தீவனத்தின் தேவையால் மக்காச்சோளம் முக்கியப் பயிராகிவிட்டது. அதில் களைக்கு முதலில் நினைவுக்கு வரும் மருந்து அட்ரசின். குப்பைக்கீரை நம் காட்டில் இல்லாத இடமில்லை.

நம் அண்டை நாடான இலங்கையில் நெல்வயல்களில் புரோப்பனில் மருந்தைத் தாங்கும் குதிரைவாலி இனப் புல் இருப்பதைப் பற்றி அந்நாட்டு அறிஞர்கள் 2002-இல் எழுதினர். இன்று உலகில் 250-க்கு மேற்பட்ட களை இனங்கள் ஏதேனும் ஒரு மருந்துக்கு எதிர்ப்புத்திறன் பெற்றுள்ளன. இவற்றிலெல்லாம் காரணம் ஒன்றே: ஒரே பயிர், ஒரே மருந்து, இடைவிடாத பழக்கம். அக்காரணம் நம் காட்டில் அமைந்தால் அதே விளைவு நமக்கும் வரும். பட்டு அறிவதைவிடப் பார்த்து அறிவது நலம்.

மருந்தின் குறையா, களையின் திறனா?

மருந்து பலிக்காதபோதெல்லாம் எதிர்ப்புத்திறன் என்று முடிவுகட்டிவிடக் கூடாது. களை பெரிதாக வளர்ந்தபின் தெளித்திருக்கலாம். முளைக்குமுன் தெளிக்க வேண்டிய மருந்தை ஈரமில்லாத மண்ணில் தெளித்திருக்கலாம். கலங்கல் தண்ணீரில் கலந்திருக்கலாம். தெளிப்பானின் முனை தேய்ந்து, ஓரிடத்தில் மிகுந்தும் ஓரிடத்தில் குறைந்தும் விழுந்திருக்கலாம். தெளித்தவுடன் மழை பெய்திருக்கலாம். இவற்றையெல்லாம் முதலில் விலக்கிப் பார்க்க வேண்டும்.

கீழ்க்கண்ட அடையாளங்கள் சேர்ந்து தோன்றினால் ஐயம் கொள்ளலாம். மற்றக் களைகளெல்லாம் மடிந்து, வழக்கமாக அம்மருந்துக்கு அடங்கும் ஒரே ஓர் இனம் மட்டும் தப்பி நிற்பது. அவ்வினத்திலும் கருகிய செடிக்குப் பக்கத்திலேயே பச்சைச் செடி நிற்பது. சென்ற ஆண்டு சிறு திட்டாக இருந்தது இவ்வாண்டு பெரிதாவது. அந்நிலத்தில் பல ஆண்டுகளாக ஒரே மருந்து தெளிக்கப்பட்டிருப்பது.

ஐயத்தைத் தீர்க்க எளிய சோதனை உண்டு. தப்பி நிற்கும் களையின் முற்றிய விதையை ஒரு பொட்டலத்திலும், ஒருபோதும் மருந்து படாத இடத்திலுள்ள அதே களையின் விதையை மற்றொரு பொட்டலத்திலும் சேகரிக்க வேண்டும். மருந்து படாத மண் நிரப்பிய தொட்டிகளில் தனித்தனியே விதைத்து, ஒவ்வொன்றிலும் சம எண்ணிக்கையில் செடிகளை விட வேண்டும். இரண்டு மூன்று இலைப் பருவத்தில் சிபாரிசு செய்த அளவில் மருந்து தெளிக்க வேண்டும். ஒவ்வொரு வகையிலும் ஒரு தொட்டியைத் தெளிக்காமல் ஒப்புக்கு வைக்க வேண்டும். மூன்று வாரங்கழித்து உயிருள்ளவற்றை எண்ணினால் உண்மை விளங்கும். முளைக்குமுன் தெளிக்கும் மருந்தானால் விதைத்தவுடனே தெளித்து முளைப்பைப் பார்க்க வேண்டும். சோதனை முடிந்ததும் அச்செடிகளைப் பூக்குமுன் அழித்துவிட வேண்டும்.

சேலம் மாவட்டத்தில் சந்தியூரிலும், நாமக்கல்லில் கால்நடை மருத்துவக் கல்லூரி வளாகத்திலும் வேளாண்மை அறிவியல் நிலையங்கள் உள்ளன. ஏத்தாப்பூரில் மரவள்ளி, ஆமணக்கு ஆராய்ச்சி நிலையம் இருக்கிறது. சோதனைக்கு இவற்றின் யோசனையைப் பெறுவது நன்று. களை ஆராய்ச்சிக்கென்றே மத்திய அரசின் இயக்ககம் ஒன்று ஜபல்பூரில் இயங்குகிறது.

குடியானவர் செய்ய வேண்டியவை

முதலாவது: மருந்து தெளித்தபின் ஒரு கைக்களை. மேலே போட்ட கணக்குக்குத் திரும்புவோம். முதல் தெளிப்பில் தப்பியவை ஏக்கருக்கு ஏறக்குறைய 50,000. அதாவது சதுர மீட்டருக்குப் பன்னிரண்டு. இவற்றை முப்பது நாற்பது நாளில் ஒருமுறை கொத்தி எடுத்துவிட்டால், தாங்கும் அந்த ஒரு செடியும் அவற்றோடு போய்விடும். அதன் வமிசமே எழாது. 10 லட்சம் களையைக் கையால் எடுக்க ஆள் இல்லை என்பது உண்மை. தப்பிய சிலவற்றை எடுக்கவும் ஆள் இல்லை என்றால், அம்மருந்து சில ஆண்டுக்குத்தான் நமக்கு உதவும்.

இரண்டாவது: பயிரை மாற்றுதல். மக்காச்சோளத்துக்குப்பின் மக்காச்சோளமே வைக்காமல், இடையில் நிலக்கடலையோ, பயறோ, எள்ளோ வைக்க வேண்டும். பயிர் மாறினால் உழவு மாறும், விதைக்கும் காலம் மாறும், களையெடுப்பும் மாறும். ஒரு முறைக்குப் பழகிய களை மறு முறையில் சிக்கும்.

மூன்றாவது: மருந்தின் வகையை மாற்றுதல். பெயர் மாறினால் மருந்து மாறிவிட்டது என்று எண்ணக் கூடாது. ஒரே மூலமருந்து பத்து வியாபாரப் பெயர்களில் விற்கிறது. அது மட்டுமன்று, மூலமருந்தே வேறாயினும் தாக்கும் இடம் ஒன்றாக இருக்கக் கூடும். மக்காச்சோளத்துக்குத் தெளிக்கும் அட்ரசினும், கரும்புக்குத் தெளிக்கும் மெட்ரிபுசினும் செடியில் ஒரே இடத்தைத் தாக்குபவை. இவ்வாண்டு அது, மறு ஆண்டு இது என்று மாற்றினாலும் களைக்கு அது பெரும்பாலும் பழைய பாடமே. ஆதலால் மூலமருந்தின் பெயரைக் கேட்டு எழுதி வைத்து, அது தாக்கும் இடத்தை வேளாண்மை அலுவலரிடம் விசாரித்த பின்னரே மாற்ற வேண்டும்.

நான்காவது: அளவைக் குறைக்கவும் கூடாது, கூட்டவும் கூடாது. செலவைக் குறைக்க எண்ணி அரை மருந்து தெளித்தால், அரைகுறைத் திறனுள்ள செடிகள் தப்பி ஒன்றோடொன்று மகரந்தம் கலந்து, அவற்றின் சந்ததி முழுத்திறன் பெறும். ஆஸ்திரேலிய அறிஞர்கள் அந்நாட்டுப் புல்லொன்றில் இதைச் சோதித்து, குறைந்த அளவு மருந்தால் சில தலைமுறைகளிலேயே எதிர்ப்பு உருவாவதைக் கண்டனர். அளவை மீறினாலோ பயிருக்கும், மண்ணுக்கும், தெளிப்பவர் உடலுக்கும் கேடு.

ஐந்தாவது: மருந்தில்லா முறைகளைக் கைவிடலாகாது. விதைக்குமுன் ஒரு தண்ணீர் கட்டிக் களையை முளைக்கவிட்டு உழுதுவிடுதல், நெல்லில் வரிசை நடவு செய்து களைக்கருவி ஓட்டுதல், நிலக்கடலையில் துவரை ஊடுபயிர், சணப்பை போன்ற பசுந்தாள் பயிர் ஆகியவை நாம் அறிந்தவையே. மரவள்ளி முதல் மூன்று மாதம் மெல்ல வளர்வதால் இடைவெளி முழுவதும் களைக்கு விருந்தாகிறது. அவ்விடத்தில் சின்ன வெங்காயமோ உளுந்தோ வைத்தால் வருவாயும் உண்டு, களைக்கும் இடமில்லை. இம்முறைகளுக்கு எதிராக ஒரே ஒரு மரபணு மாற்றத்தால் களை தப்பிவிட முடியாது.

பஞ்சாயத்தின் கடமை

ஒருவர் தம் நிலத்தில் இவ்வளவையும் செய்து, பக்கத்து நிலத்துக்காரர் செய்யாவிட்டால் பயன் பாதியாகும். களை விதைக்கு வரப்பும் தெரியாது, பட்டாவும் தெரியாது. ஜேடர்பாளையம் அணையில் பிரியும் ராஜவாய்க்காலின் தண்ணீர் பல ஊர் வயல்களைத் தொட்டுச் செல்கிறது. அத்தண்ணீரோடு மேலூர்க் களையின் விதை கீழூருக்குப் போகிறது. அறுவடை இயந்திரம் ஒரு வயலின் விதையை மறு வயலுக்குக் கொண்டு செல்கிறது. சரியாக மக்காத எருவிலும், பட்டி போடும் ஆட்டின் புழுக்கையிலும் விதை பயணம் செய்கிறது. ஒருவர் கவனக்குறைவால் விளைந்த களையை ஊரே அனுபவிக்க நேரும். ஆகவே இது தனியார் காரியம் மட்டுமன்று, பொதுக் காரியம்.

பஞ்சாயத்து உறுப்பினர்கள் பெரும் செலவில்லாமல் செய்யக்கூடியவை சில உண்டு. வாய்க்கால் கரை, சாலையோரம், ஏரிக்கரை, சந்தைத் திடல் ஆகியவற்றில் களை பூக்குமுன் அறுத்தெறிய ஏற்பாடு செய்யலாம். பூத்தபின் அறுப்பது விதையைத் தூவுவதாகும். பார்த்தீனியத்தின் ஒரு செடி ஆயிரக்கணக்கான விதைகளை உதிர்க்கும் என்பதை மறத்தலாகாது. பொது இடங்களில் ஆண்டு தோறும் ஒரே களைக்கொல்லியைத் தெளிக்கும் பழக்கத்தை விட வேண்டும். எதிர்ப்புத்திறனுக்கு அது நாற்றங்கால் ஆகிவிடும்.

அறுவடை இயந்திரம் ஊருக்குள் வருமுன் அதைத் தட்டிச் சுத்தம் செய்துவரச் சொல்லி வாடகை பேசும்போதே நிபந்தனை செய்துகொள்ளலாம். ஐயத்துக்குரிய திட்டு உள்ள வயலைக் கடைசியாக அறுக்கச் சொல்லலாம். எருக்குழியைக் கிளறி, நன்றாகச் சூடேறி மக்கவிடும் முறையை ஊரில் பரப்பலாம்; அந்தச் சூட்டில் பெரும்பாலான களை விதைகள் உயிரிழக்கும்.

கிராமசபைக் கூட்டத்தில் ஒரு பொருளாக இதையும் வைத்து, எந்தப் பயிருக்கு எந்த மூலமருந்து எத்தனை ஆண்டாகத் தெளிக்கப்படுகிறது என்று ஒரு பதிவேடு தயாரிக்கலாம். மருந்து தெளிக்கக் கூலிக்குச் செல்பவர்களை அழைத்தால் பாதி விவரம் ஒரே நாளில் கிடைத்துவிடும். களை எடுக்கும் பெண்களையும் கேட்க வேண்டும். எந்தக் களை புதிதாக மிகுந்திருக்கிறது, எது மருந்துக்குக் கருகவில்லை என்பதை எல்லோருக்கும் முன்னால் காண்பவர்கள் அவர்களே. நான்காம் ஆண்டில் வயல் காட்டும் அடையாளத்தை அவர்களுடைய கண் இரண்டாம் மூன்றாம் ஆண்டிலேயே காட்டிவிடக் கூடும்.

முடிவுரை

களைக்கொல்லி வேண்டா என்று நாம் சொல்லவில்லை. ஆள் பற்றாக்குறை உள்ள இக்காலத்தில் அது வேண்டியதே. கிணற்று நீரைப் போல அதுவும் அளவறிந்து இறைக்க வேண்டிய பொருள் என்பதே நம் கருத்து. ஒருவர் மிகுதியாக இறைத்தால் பக்கத்துக் கிணறும் வற்றுவது போல, ஒருவர் ஒரு மருந்தைப் பாழாக்கினால் ஊர் முழுவதற்கும் அது பாழாகிறது. கெட்ட மருந்துக்குப் பதிலாக மற்றொன்று உடனே வந்துவிடும் என்ற நிச்சயமும் இல்லை. வந்தாலும் அதன் விலை சிறு குடியானவருக்கு எட்டுமா என்பதும் கேள்வியே. முற்றாத கோதுமையைத் தீவனத்துக்கு அறுத்த ஹரியானாக் குடியானவர், பத்து ஆண்டுக்கு முன்னரே ஒரு கைக்களை கூடுதலாக எடுத்திருந்தால் அந்நிலை வந்திராது.

ஆகையால் இப்பட்டத்திலிருந்தே ஒரு வழக்கத்தைத் தொடங்குவோம். தெளித்த பத்துப் பதினைந்து நாள் கழித்து, ஒரு நாள் காலை வயலைச் சுற்றி வருவோம். தப்பி நிற்கும் களை எதுவாயினும் அது பூக்குமுன் பிடுங்கி எறிவோம். தப்பிய களை விதைக்கக் கூடாது என்பதை ஊர்க் கட்டுப்பாடாக ஏற்போம்.